பழி சென்சார் மேல்

ஒரகடத்துப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அது நிர்வாகத் திறமை. குறைவாகக் காட்டினால் சென்சார் கோளாறு. அதனால், வெல்டிங் லைனுக்கு அடியில் இருந்த கேபிள் குழியில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று திரை சிவந்து லைன் தானாக நின்றபோது, கண்ட்ரோல் ரூமில் யாரும் குழியைப் பற்றி யோசிக்கவில்லை.

"போன வாரமும் இப்டித்தான் பொய் சொல்லிச்சி," என்றார் சூப்பர்வைசர் பலராமன். "பைபாஸ் போட்றா, லைன் ஓடட்டும். அப்பால நோண்டு."

போன வாரம் உண்மையிலேயே ஒரு வயர்தான் லூஸ். அதைக் கண்டுபிடித்த டெக்னீஷியன் நிலவனுக்கு அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை. சென்சார் என்ன சொன்னாலும் லைன் நிற்காதபடி பைபாஸ் போட்டான். லைன் ஓடியது. வாக்கி-டாக்கியில் இசக்கிபாண்டியைக் கூப்பிட்டான். திருநெல்வேலியிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆள்; நிலவனின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கேட்காமல் முட்டையை எடுத்துத் தின்னும் உரிமை பெற்றவன்.

"மச்சி, குழில எறங்கி சென்சார் கனெக்டரை டைட் பண்ணு."

"நீ ஏசியில இருந்துக்கிட்டு என்னையக் குழிக்குள்ள தள்ளு. நல்லா இருப்ப."

"நைட்டு பரோட்டா என் செலவு."

"அப்படிச் சொல்லு. எறங்குதேன்."

நிலவன் பேனலைத் திறந்து, குற்றவாளியைத் தேடும் போலீஸைப்போல உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தான். சப்ளை வோல்ட்டேஜ் சரி. சென்சாரிலிருந்து வரும் கரண்டை அளந்தான். திரை சொன்னதையே மீட்டரும் சொன்னது. கையிலிருந்த கருவியிலிருந்து நல்ல சிக்னல் அனுப்பிப் பார்த்தான். திரையில் பிசகில்லாமல் வந்தது. வயர் லூஸ் என்றால் அளவு துள்ளும். இது துள்ளவில்லை, படிக்கட்டில் இறங்குகிற பெரியவரைப்போல நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இசக்கி, கனெக்டர்?"

"டைட்டாத்தான்ல இருக்கு... கிறுகிறுன்னு வருது. காலையில திங்கல..."

எல்லோரும் நிரபராதி. அப்படியானால் சென்சார் பொய் சொல்லவில்லை.

வெல்டிங்குக்கு விடும் ஆர்கான் வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிடக் கனம், குழாய் கசிந்தால் பள்ளம் பார்த்துப் படுத்துக்கொண்டு அங்கிருக்கும் ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிடும். டிப்ளமோவில் இதை எழுதி நிலவன் இரண்டு மார்க் வாங்கியிருக்கிறான்.

"மச்சி, மேல வா! எல்லாத்தையும் போட்டுட்டு மேல வா!"

வாக்கி கரகரத்தது. அவ்வளவுதான்.

"டேய், பேனலைத் தொறந்து போட்டுட்டு எங்கடா ஓடுற?" என்று பலராமன் கத்தியது பின்னால் கேட்டது.

குழிக்குள், ஏணிக்குக் கீழே இசக்கிபாண்டி குப்புறக் கிடந்தான். பைபாஸின் புண்ணியத்தில் மேலே ரோபோக்கள் மும்முரமாக வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தன. நிலவன் எமர்ஜென்சி பட்டனை அடித்தான். வெல்டர் ராஜாமணி ஏற்கெனவே ஏணியில் ஒரு கால் வைத்திருந்தார். நிலவன் அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"எறங்காதண்ணே! உள்ள காத்து இல்ல!"

"உட்றா! நம்ம புள்ளடா அது!"

"நீயும் வுழுந்துடுவண்ணே!"

பாதுகாப்பு வாரத்தில் மாலை போட்டுப் படம் பிடித்த மூச்சுக் கருவி பூட்டிய அறையில் இருந்தது. சாவிக்காரர் லீவு. யாரோ காற்றூதும் புளோயர் கொண்டுவந்து குழிக்குள் குழாயை விட்டார்கள். பெல்ட்டை விடாமல் நிலவன் நின்றான். அவனுக்கும் குதிக்கத்தான் தோன்றியது. ராஜாமணி அழுதுகொண்டே அவன் கையில் அடித்தார்.

காற்று நிறைந்த பிறகு இறங்கித் தூக்கினார்கள். ராஜாமணி நெஞ்சை அழுத்தினார், அழுத்தினார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

நிலவன் இடுப்பிலிருந்த வாக்கி உயிர்பெற்றது.

"நிலவா, சிக்னல் நார்மல் ஆயிடுச்சி பார்றா!" பலராமன் குரலில் அத்தனை சந்தோஷம். "இன்னாடா பண்ணே?"