தட்டில் வளர்ந்த பச்சை

பூங்கோதை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில், சாமான்களைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குகிறவள். சுடாத சாமான்மேல் புழுதி ஏறக் கூடாதென்று அங்கே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்கள். அவளுக்குச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் பீங்கான் சில்லு ஏறியதை, தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பட்டறை அலமாரியில் கைப்பிடி ஒட்டாத கோப்பை ஒன்று உண்டு. யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் அதில் போடுவார்கள். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். புண்ணுக்கு என்று ஒருத்தி பொறுக்கிக் கொடுத்ததைப் பூங்கோதை விழுங்கினாள். புண் காய்ந்ததும் மீதியைக் கோப்பையில் போட்டாள், இன்னொருவருக்கு ஆகுமே. மறுபடி கசிந்தது. மறுபடி எடுத்தாள், காய்ந்ததும் நிறுத்தினாள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் சாமான் சூளையில் வெடிக்கும் என்று புதியவர்களுக்குச் சொல்கிறவள் அவள்தான். காலுக்கு அது தோன்றவில்லை.

கால் வீங்கிக் காய்ச்சல் கண்ட பிறகு, கணவன் கொளஞ்சிநாதன் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இரண்டு விரல்களை எடுத்தார்கள். சீழ் நிற்கவில்லை. அதைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாக டாக்டர் சொன்னார். கேட்கிற மருந்து ஒன்று கிடைத்தால் பாதம் தப்பும். இல்லாவிட்டால் கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டும்.

அங்கே ஆய்வகத்தில் வேலை பார்த்த கனிமொழி, பூங்கோதையின் தெருக்காரி. சோதனை முடிவு வந்த காலையில், பூங்கோதையைச் சக்கர நாற்காலியில் ஆய்வகச் சன்னலுக்குத் தள்ளிவரச் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து, மூடிய வட்டத் தட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

தட்டு முழுக்கப் பச்சை. அதன்மேல் உலோக மினுக்கம். பட்டறையில் அவள் எத்தனையோ முறை கிளேஸை வாளியில் கலந்து, சூளைக்குக் கொடுத்து, வராமல் போன மினுக்கம். இங்கே நெருப்பில்லாமல், ஒரு சொட்டுச் சீழிலிருந்து வந்திருந்தது.

"இது என்னுதா?"

"உங்களுதுதான்க்கா, புண்ணுல இருந்த கிருமி. நல்லா ஊட்டி வளத்துருக்கீங்க."

தட்டில் வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மருந்து. மருந்து கேட்டால் அதைச் சுற்றிக் கிருமி முளைக்காது என்றாள் கனிமொழி. பூங்கோதை விழுங்கியதும் அவற்றில் ஒன்று. பச்சை அதன் விளிம்புவரை வந்து ஒட்டி உட்கார்ந்திருந்தது. அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பினதுதான் இப்படிப் பெருகியிருக்கிறதாம்.

பூங்கோதைக்குக் கோபம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தன்னைக் கொல்ல வந்ததையெல்லாம் தாங்கிக்கொண்டு இவ்வளவு அழகாக நிற்கிறதே என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். பிறகுதான் காலின் நினைவு வந்தது.

"ஒண்ணுகூட கேக்கலியா?"

கனிமொழி தட்டைச் சாய்த்தாள். ஓரத்துப் பொட்டு ஒன்றைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம்.

"இது ஒண்ணுக்குத்தான் பயப்படுது. ஊசி. டாக்டரு நிறுத்துற வரைக்கும் போடணும். காஞ்சிடுச்சுன்னு வூட்டுக்கு ஓடிடாதீங்க."

ஊசி போட்டார்கள். முதலில் காய்ச்சல் விட்டது. பிறகு வாடை போனது. ஒருநாள் கட்டைப் பிரித்தபோது, வெளுத்துக் கிடந்த குழியில் சிவப்புச் சதை மணிமணியாக முளைத்திருந்தது. பஞ்சு பட்டதும் ரத்தம் துளிர்த்தது. ரத்தம் வருவது நல்லது, பாதம் நிற்கும் என்றார் டாக்டர்.

நர்ஸ் புதுக் கட்டுப் போடத் துணியை எடுத்தாள்.

"செத்த இருங்க, ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்று பூங்கோதை அந்தச் சிவப்பைப் பார்க்கக் குனிந்தாள்.