நீல மையில் இரண்டு வார்த்தை

பேச்சுப் போட்டி நடுவர்களுக்குத் தகுதி வரையறுக்கும் குழுவில் என் பெயரைச் சேர்த்த அன்றே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஹோம்வில் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் இத்தனை வருடம் ஆகியிருக்காது. விதிகளை எழுதித் தரும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

"நீங்க இங்கிலீஷ் டீச்சர், லெனோர். உங்களுக்கு இது பத்து நிமிஷ வேலை" என்றார் குழுத் தலைவர் கர்ட்டிஸ். அவர் மாவட்டத்தின் பெரிய பள்ளியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். பத்து நிமிட வேலைகளை அடுத்தவருக்குக் கொடுத்தே ஆள் பெரியவராகிவிட்டார்.

இந்த விதிகள் வந்ததே பிப்ரவரியில் நடந்த மாவட்டப் போட்டியால்தான். சொந்தமாக எழுதிப் பேசும் பிரிவின் இறுதிச் சுற்றில் ஆறு பேர், மூன்று நடுவர்கள். ஒவ்வொரு நடுவரும் ஒன்றிலிருந்து ஆறுவரை இடம் கொடுப்பார். கூட்டுத்தொகை குறைந்த மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். டெஸ்ஸா பிராண்ட்வோல்ட் என்ற கடைசி வருட மாணவிக்கு இரண்டு நடுவர்கள் இரண்டாமிடம் கொடுத்தார்கள். மூன்றாவது தாளில் ஆறு. அதன் கீழே "நல்ல முயற்சி" என்று இரண்டே வார்த்தை. ஒரே ஒரு புள்ளியில் அவளுக்கு வாய்ப்புப் போனது. அந்தத் தாளில் அச்சடித்திருந்த நடுவர் பெயர் டெல்மர் க்விஸ்ட்.

டெல்மர் எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு நடுவரைக் கொண்டுவர வேண்டும் என்பது போட்டியை நடத்தும் சங்கத்தின் விதி. எங்களிடம் பதினொரு பிள்ளைகள், நடுவர்கள் நானும் அவரும். பேருந்து ஓட்டுநரெல்லாம் பேச்சுக்கு இடம் போடுவதா என்று டெஸ்ஸாவின் பயிற்சியாளர் ஜோலீன் கடிதம் எழுதினாள். அதிலிருந்துதான் குழு, கூட்டம், வரைவு எல்லாம் வந்தன.

அந்த ஆறாமிடத்தைக் கொடுத்தவர் டெல்மர் இல்லை. நான்.

அன்று காலை நாலு மணிக்கு எழுந்தவள் நான். நாள் முழுக்க மதிப்பெண் அறையில் கூட்டல் கணக்கு. இறுதிச் சுற்று தொடங்கும் நேரத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதைத் தாண்டியது. இப்போதே எஞ்சினை ஓடவிடாவிட்டால் பிறகு பேருந்து கிளம்பாது என்று டெல்மர் வந்து நின்றார். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவர் பெயர் போட்ட தாள்களை வாங்கிக்கொண்டேன். அந்த வகுப்பறையில் சூடு அதிகம். ஐந்தாவதாக டெஸ்ஸா எழுந்து நின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கைதட்டல்.

தூங்கிவிட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அதைவிட்டு, காதில் விழாத பேச்சைக் காதில் விழுந்தவற்றுக்கு மேலே வைக்க முடியாதே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லி ஆறு போட்டேன். அரைமணி கழித்து அதே கையால் கூட்டிப் பார்த்தபோது என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அசதியாகவும் இருந்தது. அன்று அசதி ஜெயித்தது, அப்புறம் இரண்டு மாதம் அதுவே ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குப் பெரிய பள்ளியின் நூலகத்தில் கூடினோம். ஏழு பேர் குழு, ஆறிப்போன காபி, யாரோ சுட்டு வந்த எலுமிச்சைக் கேக் துண்டுகள். விளக்கம் சொல்ல டெல்மரையும் வரச் சொல்லியிருந்தார்கள். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

நான் எழுதியதை கர்ட்டிஸ் வாசித்தார். நடுவர் கல்லூரியில் மேடைப்பேச்சு படித்திருக்க வேண்டும், அல்லது ஐந்து வருடம் பயிற்சியாளராக இருந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தகுதி உண்டு. அந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை. அது எனக்கு அவர் செய்த மரியாதையாம்.

"மிஸ்டர் க்விஸ்ட், அந்தத் தாளைப் பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்றார் கர்ட்டிஸ்.

டெல்மர் என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைப் பார்த்தார். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

அந்த மனிதர் பதினெட்டு வருடம் என்னையும் என் பிள்ளைகளையும் பனியில் ஏற்றி இறக்கியவர். அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"அது நான் போட்டது. அவர் பஸ்ஸ கிளப்பப் போயிட்டார். நான் தூங்கிட்டேன்" என்றேன்.

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. கர்ட்டிஸ் பரிவாகச் சிரித்தார். "லெனோர், இந்த விதி வந்தா உங்க டீம்ல பாதிப் பேர் வர முடியாது. உங்க கஷ்டம் புரியுது. அதுக்காக இப்படியெல்லாமா?"

"நீங்களாவது தூங்கறதாவது" என்றாள் ஜோலீன். "ஒரு ஓட்டுநரக் காப்பாத்த உங்க பேரக் கெடுத்துக்காதீங்க. சரி, டெஸ்ஸா எதப் பத்திப் பேசினா, சொல்லுங்க பாப்போம்."

"தெரியாது. அதத்தான் சொல்றேன்."

"மறந்திருப்பீங்க. வருஷத்துக்கு முந்நூறு பேச்சு கேக்கறவங்க."

மூலையிலிருந்து டெல்மர், "ஆஸ்பத்திரி பத்திங்க. நம்ம பக்கத்துல பிரசவ வார்ட மூடிட்டாங்கல்ல, அது" என்றார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார் பாவம்.

ஜோலீன் மேசையைத் தட்டினாள். "பாருங்க. அவருக்குத்தான் ஞாபகம் இருக்கு. அப்ப யாரு அந்த ரூம்ல இருந்தது?"

கவனித்துக் கேட்டதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. இருபத்தாறு வருடமாக நான் சேர்த்த நல்ல பெயர் எனக்கும் உண்மைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ரெண்டாவது சுற்றுல அவளுக்கு நடுவர் அவர்தான்" என்றேன். "அந்தத் தாளும் உன்கிட்ட இருக்கும். எடு, ஜோலீன்."

அவள் கோப்பைப் புரட்டி எடுத்தாள். மூன்றாமிடம் போட்டிருந்தது. முன்பக்கம் நிரம்பி, பின்பக்கமும் பாதிவரை சாய்ந்த எழுத்து.

"எதால எழுதியிருக்கு?"

"பென்சில்."

"இறுதிச் சுற்றுத் தாள்?"

அவள் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அது நீல மை.

"இந்த ஊர்ல குளிர்காலத்துல எந்த பஸ் ஓட்டுநராவது சட்டைப் பையில பேனா வச்சுப் பாத்திருக்கீங்களா? மை உறைஞ்சுடும். அவர் நவம்பர்லேர்ந்து பென்சில்தான்." என் நீலப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஜோலீன் இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். கோபம் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அவளுக்கு இது கடைசி வருஷம், லெனோர். நான் அவகிட்ட என்ன சொல்வேன்?"

"நீ சொல்ல வேண்டாம். நாளைக்கு நான் வந்து சொல்றேன்."

கர்ட்டிஸ் தொண்டையைச் செருமினார். மணி ஐந்தேகால். நடந்தது வருத்தத்துக்குரியதுதான், ஆனால் விதி தனி மனிதரைப் பற்றியது அல்ல என்றார். ஒரு நடுவர் ஒரே நாளில் எத்தனை மணி நேரம் உட்காரலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஐந்துக்கு இரண்டில் விதி நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர்கள் நானும் ஜோலீனும். வரும் ஆகஸ்ட் முதல் டெல்மருக்குத் தகுதி இல்லை. எனக்குச் சாகும்வரை உண்டு.

டெல்மரின் வண்டியில்தான் திரும்ப வேண்டும். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது.

"ஏன் வாயத் தொறக்கல நீங்க?" என்றேன்.

"நீங்க நாலு மணிக்கு எந்திரிச்சது எனக்குத் தெரியும் டீச்சர். நானும் ஒரு தடவ கண்ணசந்திருக்கேன், ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே. ரெண்டு செகண்டு. வண்டில ஆள் இல்ல, யாரும் கேக்கல." சாவியைத் திருப்பினார். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எனக்குக் கண்ணு, காது, ரத்தக் கொதிப்பு எல்லாம் சோதிக்கறாங்க. ராத்திரி தூங்கினியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"அடுத்த வருஷம் அஞ்சு பிள்ளைங்கள விட்டுட்டுப் போகணும்."

"ம். பஸ்ல இடம் தாராளமா இருக்கும்." சிரிக்க முயன்றார், வரவில்லை.

நாளை அந்தப் பெண் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்கும்போது, எதைக் கேட்காமல் விட்டேன் என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. "டெல்மர், அவ என்ன பேசினா? முழுசாச் சொல்லுங்க."

எஞ்சினை அணைத்தார். "முதல் ரெண்டு நிமிஷம் ரொம்ப வேகம். அதுக்குத்தான் மூணு போட்டேன். அவங்க அம்மாவுக்கு வலி வந்து, அப்பா ஐம்பது மைல் தள்ளி இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறார். இவ பின்சீட்டுல, பதினொரு வயசு. ஹைவேல அறுபத்தொண்ணாவது மைல்கல் கிட்ட, வண்டியிலேயே தம்பி பொறந்துட்டான். இவதான் தன் கோட்டுல சுத்திப் பிடிச்சுக்கிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "அங்க நான் தினம் போறேன் டீச்சர். வெறும் பள்ளமும் நாணலும். அறுபத்தொண்ணுன்னு சொல்லிட்டு அவளும் இப்படித்தான் நிறுத்தினா. மனசுக்குள்ள அஞ்சு எண்ணினேன். ஒருத்தரும் இருமல."

தலைக்கு மேல் வெயில் மறைப்பில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். நிறைவேறிய விதியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். டெஸ்ஸா எட்டு நிமிடத்தில் பேசியதைச் சொல்லி முடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரு நொடிகூட எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூலையில் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். இரண்டு, இரண்டு, மூன்று. டெல்மர் கொடுத்த மூன்றாமிடமே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.