சாட்சி சொன்ன அக்கா

என் தம்பி கிடங்கில் புகுந்து திருடியதாகப் போலீஸ் சொன்ன அந்தப் பகல் முழுக்க, அவன் என் தையல்கடையில்தான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். கூண்டில் ஏறிச் சொன்னேன். கூடப் பிறந்தவள் வேறென்ன சொல்வாள் என்று கீழ்க்கோர்ட் தள்ளிவிட்டது. கூடப் பிறந்தால் கண் தெரியாதா என்ன? மேல்முறையீட்டில் என் சாட்சியத்தை வரி வரியாகப் படித்தார்கள். அவர்களும் நம்பவில்லை.

இன்று சீராய்வு மனு. இதுவும் இன்னொரு மேல்முறையீடுதான் என்று நினைத்து, அன்று அவன் பட்டன் வைத்த, யாரும் வாங்க வராத சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

"அக்கா, அதைப் பைக்குள்ள வைங்க," என்றார் வக்கீல். "அப்பீல்ல சாட்சியெல்லாம் திரும்ப அலசுவாங்க. இதுல கீழ இருக்கிறவங்க சட்டப்படி நடந்தாங்களான்னு மட்டும்தான் பார்ப்பாங்க."

"அப்போ அவன் செஞ்சானா இல்லையாங்கிறது?"

"அது முடிஞ்சு போச்சுக்கா."

புகுந்ததற்கு ஒன்று, திருடியதற்கு ஒன்று என இரண்டு தண்டனை. ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று கீழ்க்கோர்ட் சொன்னது தவறாம். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும் என்றார் நீதிபதி. சிறைவாசம் பாதியானது. வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

கடைக்குத் திரும்பி, ஆளில்லாமல் கிடந்த தம்பியின் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். முந்தைய இரண்டு கோர்ட்டிலும், பொய் சொல்கிறாள் என்று சொல்வதற்காவது ஆள் இருந்தது.