அலமாரிக்குள் பத்தொன்பது விண்ணப்பங்கள்

"அலமாரிச் சாவியைக் கொடுங்க, ஐயா."

மன்றத் தலைவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்று அப்பா வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். அப்பா அந்த நற்பணி மன்றத்தின் காவலாளி. பதினெட்டு வருடமாக வாசற்கதவைத் திறந்து மூடுகிறவர், உள்ளே இருக்கும் இரும்பு அலமாரியைத் துடைத்திருக்கிறாரே தவிர திறந்ததில்லை. அதன் சாவி தலைவரின் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. செயலாளரே கேட்கத் தயங்குவார். இன்று மகள் கேட்டுவிட்டாள்.

தலைவர் அழைப்பிதழ்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன பட்டதாரியம்மா, காலையிலேயே சூடா இருக்கீங்க?"

அந்தத் தெருவில் முதன்முதலாகக் கல்லூரியை முடித்தவள் அவள்தான். பட்டம் வாங்கிய அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போய்விட்டது. எல்லாருக்கும் பட்டதாரி. பாதிப் பேர் பெருமையோடு கூப்பிட்டார்கள், பாதிப் பேர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு. தலைவர் எந்தப் பாதி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"இன்னிக்குத்தான் ஐயா கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல விடுதியில வாங்க மாட்டாங்க."

பள்ளிப் படிப்பை முடித்த பத்தொன்பது பெண்களுக்குக் கல்லூரி விடுதியில் இடம் கேட்கும் விண்ணப்பங்கள் அந்த அலமாரிக்குள் இருந்தன. அவளும் மன்றத்தின் இளைஞர் அணியில் இன்னும் நாலு பேரும் இரண்டு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியவை. பிள்ளைகளை எழுத வைப்பது சுலபம், அப்பன்மாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தையல்காரர் மூன்று நடை நடக்கவிட்டார். "விடுதி கிடைச்சா அனுப்பறேன். தினம் ரெண்டு பஸ் மாறிப் போய் வரணும்னா, மெஷின்ல உக்காந்து காஜா எடுக்கட்டும்" என்று மகளை வைத்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விண்ணப்பக் கட்டை மன்றத்துக்குக் கொண்டுவந்ததுதான் அவள் செய்த தப்பு. "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிய தலைவர், மறுநாளே விழா அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. விடுதிக் காப்பாளர் அம்மா சிறப்பு விருந்தினர். விண்ணப்பங்களை மேடையில் வைத்து அவரிடம் ஒப்படைப்பது தலைவர். புதன்கிழமை போய்த் தேதியைச் சொன்னாள். பார்க்கலாம் என்றார். இன்று வெள்ளிக்கிழமை.

"அஞ்சு மணின்னு யாரு சொன்னது?"

"விண்ணப்பத்துலயே அச்சடிச்சிருக்கு. போன்லயும் கேட்டுட்டேன்."

"போன் எடுத்தது எவனாவது குமாஸ்தாவா இருக்கும். காப்பாளர் அம்மாவே நம்ம இடத்துக்கு வந்து கையால வாங்கிக்கப் போறாங்க. அப்புறம் தேதி என்ன பெரிய தேதி?"

"அந்தம்மாகிட்ட தேதியைப் பத்திக் கேட்டீங்களா?"

"விழாவுக்குக் கூப்பிடப் போன இடத்துல அதையெல்லாமா கேப்பாங்க? மரியாதையா இருக்குமா?"

பக்கத்தில் உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். யாரைப் பார்த்தாலும் ஐந்தாம் வகுப்பு நினைப்பு.

"பாப்பா, நீங்கல்லாம் சின்னவங்க. ஓடியாடி வேலையைப் பாருங்க. எங்க, எப்பக் குடுக்கணுங்கறதைப் பெரியவங்க பாத்துக்கறோம்."

"ஓடியாடி முடிச்சாச்சு சார். குடுக்கறதுதான் பாக்கி."

அவள் ஓர் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தாள். 'தலைவர் தம் பொற்கரங்களால் வழங்குவார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசி வரியில் பொடி எழுத்தில், நன்றியுரை: இளைஞர் அணித் தலைவி. அது அவள்தான். இரண்டு வருடத் தலைமையில் அவளுக்குக் கிடைத்த அதிகாரம், மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பது.

வாயில் வந்ததை அவள் விழுங்கவில்லை.

"மேடைக்கு வெத்துக் கவர் பத்தொன்பது தர்றேன் ஐயா. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா? பொற்கரம் போட்டோவுல நல்லாவே விழும்."

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் படாத பாடு பட்டார். தலைவரின் காது சிவந்தது. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யோவ், இங்க வா. பொண்ணை இப்படித்தான் வளத்து வச்சிருக்கியா?"

அப்பா துடைப்பத்தோடு ஓடி வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"சின்னப் புள்ளைங்கய்யா. நாலு எழுத்துப் படிச்ச திமிரு. மன்னிச்சுடுங்க."

அவளுடைய பட்டச் சான்றிதழைப் பால்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் காட்டிப் பூரித்துப்போனவர் அவர்.

"எனக்காக மன்னிப்புக் கேக்காதீங்கப்பா" என்றாள். "நான் ஒண்ணும் தப்பாப் பேசலை."

"நீ சும்மா இரு."

தலைவருக்கு அது போதுமாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெரிய மனது பண்ணினார்.

"சரி விடு, கோவம் புரியுது. பேரு கடைசியில போயிடுச்சு, அதானே? வரவேற்புரைக்கு மாத்திடச் சொல்றேன். மேடையில எனக்குப் பக்கத்து நாற்காலி. சந்தோஷமா?"

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை நேரம் இந்த மனிதருக்குத் தேதிதான் விளங்கவில்லை என்று நினைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. பத்தொன்பது பெண்களும் அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். இனி இங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடையது.

செல்போனை எடுத்தாள். பெண்களின் குழுவுக்கு எழுதினாள். 'பள்ளிக்கூடத்துல புது விண்ணப்பம் இருக்கு. எல்லாரும் வீட்டுல இருந்து கையெழுத்துப் போட ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க. மறுபடியும் எழுதறோம்.' மணி பதினொன்றரை. தலைமையாசிரியையின் கையெழுத்து, ஒரு மணி நேரப் பஸ், எல்லாம் போக மிஞ்சுவது நாலு மணி நேரம்.

"பேசிக்கிட்டு இருக்கேன், போனைப் பாக்கறே?" என்றார் தலைவர்.

"வரவேற்புரையும் வேணாம், நன்றியுரையும் வேணாம். தலைவி பதவிக்கு வேற ஆளைப் பாருங்க ஐயா."

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது, யோசிச்சுக்க."

அதற்குள் தையல்காரர் மகளிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'ஒரு தடவை போட்டாச்சு, இன்னொரு தடவை போட முடியாதுன்னு அப்பா கத்தறார் அக்கா.'

'அங்கேயே இரு. வர்றேன்' என்று அனுப்பிவிட்டு நடந்தாள். அப்பா வாசல்வரை கூடவே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"என் வேலை போயிடும்மா."

"தெரியும்பா" என்றாள் அவள். தெரிந்துதான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தையல் கடைக்கு இடப்பக்கம் போக வேண்டும். அந்தப் பக்கமே திரும்பினாள்.