இரண்டாவது பட்டன்

சாப்பாட்டுக்கு முன் நன்றி ஜெபம் சொல்லும்போது ஜெரோம் கண்ணை மூடுவதில்லை. இட்லித் தட்டையே முறைத்துக்கொண்டிருப்பான். "அம்மா, அப்பா ஏமாத்துறாரு பாரு" என்று மகள் ஷெரின் போட்டுக்கொடுப்பாள். "நீ கண்ண மூடியிருந்தா அது எப்படிடி தெரிஞ்சுது?" என்பாள் கிறிஸ்டினா. மூவரும் சிரிப்பார்கள். ஜெரோமும்தான், பாவம்.

கண்ணை மூடினால் அவனுக்கு ஒரு சத்தம் கேட்கும். டம். பிறகு தகட்டின் மேல் ஒரு கையுறை தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு இடிக்கவே செய்தது.

திருமுடிவாக்கத்தில் ஒரு பிரஸ் பட்டறையில் அவன் சூப்பர்வைசர். அங்கே ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். பட்டனில் இருக்கும் கை இரும்புக்கடியில் இருக்காது அல்லவா? ஆனால் அவசரம் என்று வந்துவிட்டால் ஒரு பட்டனைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பாதுகாப்பெல்லாம் சுவரில் ஒட்டிய தாளோடு சரி.

இரண்டு வருஷத்துக்கு முன், ஷெரினின் பிறந்தநாளுக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்று, பட்டறைத் தொழிலாளி யேசுதாசனின் மிஷினில் ஜெரோமே டியூபைக் கட்டினான். நாலரை மணிக்கு யேசுதாசனின் வலது கையில் கையுறையோடு மூன்று விரல்கள் போயின. விசாரிக்க வந்தவர்களிடம் அந்த மனுஷன், "நான்தான் சார் கட்னேன்" என்றான். ஜெரோமின் வேலை தப்பியது. அதன் பிறகு பம்மலில் யேசுதாசன் வீட்டுப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. எந்த முகத்தோடு போவான்?

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை, அடுத்த வாரம் வரும் ஷெரினின் முதல் நற்கருணைக்குக் கோயிலில் ஒத்திகை. பட்டறையில் ஆயிரம் பீஸ் பாக்கி. "எப்படியாவது முடி" என்று முதலாளி போனை வைத்தார். எப்படி என்று இருவருக்கும் தெரியும்.

மதியம் அவன் சுற்றி வந்தபோது எல்லம்மாவின் மிஷினில் டியூப் கட்டியிருந்தது. கட்டியவள் அவளே.

"இன்னா சார் அப்டி பாக்குற? உன் பொண்ணுக்கு சர்ச்சுல ஏதோ கீதாமே. எனக்கும் வூட்டுக்குப் போவணும். சீக்கிரம் முடிச்சுகினு போலாம்."

டம். அவள் கைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே சத்தம், இந்தத் தடவை அவன் கண் திறந்துதான் இருந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தான். பிளேடால் டியூபை அறுத்தான். மற்ற மிஷின்களிலும் தேடித்தேடி அறுத்தான்.

"பேஜார் பண்ணாத சார். மொதலாளி இன்னா சொல்வாரு?"

"யேசுதாசன் மிஷின்ல கட்டினது நான், எல்லம்மா. அவர் இல்ல."

பட்டறை முழுக்கக் கேட்டது. முதலாளி காதுக்கும் எட்டிவிடும். எட்டட்டும், திங்கட்கிழமை வேலை போனால் போகட்டும்.

இரண்டு கையாலும் அமுக்கி வேலை முடிய ஏழு மணியானது. ஒத்திகை போயே போய்விட்டது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் கிறிஸ்டினா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெரோம் ஒன்றுவிடாமல் சொன்னான். டியூபை, நாலரை மணியை, அந்த ஒரு பொய்யை.

"இந்தத் தட்டுல இருக்கிறது அவர் விரல், கிறிஸ்டி."

அவள் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சாப்ட்டுட்டு பம்மல் போலாம். நானும் வர்றேன்" என்றாள். "ஜெபத்தை இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

"யேசுதாசன் அண்ணனுக்காக நன்றி, ஆண்டவரே" என்று கண்ணை மூடினான். டம். கையுறை தெரிந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"அம்மா, இட்லி ஆறுது" என்றாள் ஷெரின். "அப்பா இன்னும் மூடிக்கிட்டே இருக்காரு."