ஏரியை முதலில் கண்டவர்கள்

மகள் தேக்கரண்டியால் அப்பாவின் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அப்பாவின் பழைய மாணவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏரி மண்ணோட வயசு வந்துடுச்சும்மா. ஒன்பதாயிரம் வருஷம். ரெண்டு தடவ பாத்துட்டோம். சாருக்கு இப்ப சொல்ல வேணாமே."

மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டாகி, அடைப்பு உடைந்ததும் வற்றிப்போன ஏரி அது. அந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள் சொன்ன கதையை நம்பித்தான் அப்பா தேடப் போனார். கோபித்துக்கொண்ட மலை ஆற்றின் குறுக்கே படுத்துக்கொண்டதாம். தண்ணீர் ஏறிக்கொண்டே போனதாம். மலை புரண்டு படுத்ததும் வெள்ளம் வடிந்து, நத்தைகள் மட்டும் மேட்டில் தங்கிவிட்டனவாம். யாரோ கண்ணால் பார்த்ததுதான் கதையாகியிருக்கிறது என்று அப்பா அடித்துச் சொல்வார். மற்ற ஆய்வாளர்கள் கேலி செய்ததைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் அங்கே மனிதர்கள் குடியேறியே மூவாயிரம் வருஷம்தான் ஆகிறது.

மகள் போனை வைத்துவிட்டு அப்பாவின் கட்டிலருகே திரும்பி வந்தாள். ஒரு பொய் சொன்னால் நிம்மதியாகப் போய்ச் சேருவார். ஆனால் இந்த வீட்டில் அவளுடைய கணக்கு மார்க்கைக்கூட யாரும் பூசி மெழுகியதில்லை.

"என்னவாம்?" அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஒன்பதாயிரம்ப்பா."

"அப்ப யாரும் பாக்கல."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிக் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி குடிவந்தவங்க மேட்டுல நத்தை ஓட்டப் பாத்திருக்காங்க. இங்க தண்ணி நின்னிருக்கணும், மலை விழுந்து அடச்சிருக்கணும்னு யோசிச்சிருக்காங்க. நான் செஞ்ச அதே வேலதாம்மா. எனக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க."

"அப்ப தோத்துட்டோமாப்பா?"

"போடி. இத்தன நாளும் தனியாத்தான் இருக்கேன்னு நெனச்சேன். அந்தம்மாகிட்ட நன்றி சொல்லிடு."

சாயங்காலத்துக்குள் போய்விட்டார். அழுகைக்கு நடுவிலும், தன்னைப் பொய் சொல்ல விடாமல் வளர்த்த மனிதருக்கு அவள் மனசார நன்றி சொன்னாள்.

மறுநாள் காலையில் வீட்டுக் கூடத்தின் முன்வரிசை நாற்காலிகளில் ஆய்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடை அம்மாள் பஸ் மாறி வந்து, அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு மகளிடம் வந்தார்.

"ஏரி வயசு தெரிஞ்சதும் சொல்றேன்னாரு. தெரிஞ்சுதா கண்ணு?"

"ஒன்பதாயிரம் வருஷம்மா. யாரும் பாத்திருக்க முடியாது. உங்க ஆளுங்க நத்தை ஓட்ட வச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"எனக்கு எதுக்கு நன்றி? காது குடுத்துக் கேட்டாரே மனுஷன்."

பின்னால் போய் நிற்கத் திரும்பியவரை மகள் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனாள்.

"அப்பாகூட வேல பாத்தவங்க" என்றாள்.

பழைய மாணவர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.