கல்யாணச் செடியின் எல்லை

சுகாசினிக்கு வேண்டியது ஒரு கோடு. மலையடிவாரத்துச் செடிகள் எங்கே முடிகின்றன, கடலோரத்துச் செடிகள் எங்கே தொடங்குகின்றன என்று காட்டும் கோடு. அது தாமல் ஏரிக்கரையில்தான் விழுகிறது என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டாள். மதியம் பேராசிரியர் நேரில் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் பட்டம். இல்லாவிட்டால் அப்பா யேசுதாஸின் பஞ்சர் கடையில் காற்றடிக்கலாம்.

அடையாளத்துக்குத் தறிக்காரர்களிடம் கழிவுப் பட்டுநூல் வாங்கி, மலைப்பக்கத்து மஞ்சள் பூச்செடிகளில் சிவப்பும், கடல்பக்கத்து ஊதாப் பூச்செடிகளில் பச்சையும் போன வாரமே கட்டியிருந்தாள். அங்கேதான் புத்தி பிசகியது. இந்த ஊரில் செடியில் நூலைக் கட்டிவிட்டுப் போனால் சும்மா விடுவார்களா?

காலையில் வந்து பார்த்தால் கரை முழுக்கச் சிவப்பு. ஊதாப்பூ, எருக்கு, முள், மின்கம்பத்து இழுகம்பி, எதையும் விடவில்லை. ஓர் அம்மாள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பெயர் அலமு.

"இன்னாம்மா பண்றீங்க?"

"கல்யாண நூலு கண்ணு. சிவப்பு கட்னா மாப்பிள்ளை, பச்சை கட்னா புள்ளை. எம் பொண்ணுக்கு முப்பது தாண்டிடுச்சு."

"இத மொதல்ல கட்னதே நான்தாம்மா! ஆராய்ச்சிக்கு!"

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப நீ சரியா இறுக்கிக் கட்டல."

சுகாசினி கத்தரிக்கோலை எடுத்தாள். கரையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கத்தரிக்கோல் பைக்குள் போனது.

"தப்பான செடியில கட்னா பலிக்காது," என்று புளுகினாள். "சிவப்பு மஞ்சப்பூவுக்கு மட்டும்தான். பச்சை ஊதாவுக்கு."

அவ்வளவுதான். அவிழ்த்தார்கள், ஓடினார்கள், மாற்றிக் கட்டினார்கள். மேற்கே சிவப்பு, கிழக்கே பச்சை. கோடு திரும்பி வந்துவிட்டது.

அலமுவுக்கு மட்டும் திருப்தியில்லை. "ஒரு செடிக்கு நாலு பேரு கட்டிக்கினு இருக்குறாங்கோ. எம் பொண்ணுக்குத் தனிச் செடி வேணும்பா," என்று ஆட்டோ பிடித்துப் போனாள்.

பேராசிரியர் வந்தார். கரையோடு நடந்தார். "கோடு பளிச்சுனு இருக்குதும்மா," என்று தலையாட்டப்போன நேரத்தில் கிழக்கேயிருந்து ஆட்டோ வந்து நின்றது.

"கெடச்சுது கண்ணு!" வேரோடு பிடுங்கிய செடியை அலமு தூக்கிக் காட்டினாள். "திருப்புட்குழியாண்ட ஒரு காடே இருக்குது! அல்லாம் மஞ்சப்பூ!"

பேராசிரியர் பூவைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அதே செடிதான். கோட்ட அழிம்மா. கிழக்க தள்ளிப் போடணும். இன்னொரு வருஷம் ஆவும்."

அந்தக் காட்டைப் பார்க்க மூவரும் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அலமு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்:

"பாத்து மிதிங்கோ. அங்க இருக்குறது அல்லாமே எம் பொண்ணோடது."